மிச்சமிருந்த ‘ல்’

பாபு அழுவதற்கு வாகாக நாற்காலியை வாசலுக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டார். உள்ளே வருகிறவர்கள் முதலில் அவரைப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணி போர்த்திக் கூடத்தில் கிடக்கும் தம்பியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். செத்தவனின் மனைவி சுவரோரமாக உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள். அழுது தீர்த்தாகிவிட்டது; இனி கவனிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

“கடைசியா என்னைத்தான் கூப்பிட்டான்,” என்றார் பாபு, பக்கத்து வீட்டுக்காரரிடம். “பாபுன்னு. அவ்வளவுதான், அடங்கிட்டான்.”

பாபு என்பது வீட்டுச் செல்லப்பெயர். தம்பிக்கும் சின்ன வயதிலிருந்தே அண்ணா என்று கூப்பிட்டுப் பழக்கமில்லை. காலையிலிருந்து இந்தக் கதை வளர்ந்துகொண்டே வந்தது. முதலில் மெதுவாகக் கூப்பிட்டான். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான். இப்போது கண்ணீர் வழியக் கூப்பிடுகிறான். சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார்ந்து கட்டிப்பிடித்தாலும் பிடிப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற மனுஷர். தம்பியின் தொண்டையில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு முட்டிவலி. வாய் வழியாக ஒரு மிடறு தண்ணீர் இறங்காமல், வயிற்றில் போட்ட குழாயில் ஆகாரம் ஊற்றிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு பை ஆப்பிள் கொடுத்தனுப்பினார். அதோடு கடமை முடிந்தது. இன்று காலை எப்படியோ முட்டிவலி விட்டு, வந்து உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தம்பியும் கண்ணை மூடித் தொலைத்தான்.

செத்துப்போன புருஷனிடமும் அவளுக்குக் கோபம்தான். பிழைக்கத் தெரியாத ஆள். கொரியாக்காரர்கள் நடத்திய கார் தொழிற்சாலையில் ஆயுசெல்லாம் வெல்டிங் அடித்துவிட்டு, படுக்கையில் விழுந்தபிறகு கொரிய மொழி படிக்கக் கிளம்பினான். எழுந்து நடக்க முடியாதவனுக்கு எந்த ஊருக்குப் போக இந்தப் பாஷை என்று கேட்டதற்கு, வெட்கத்தோடு காரணம் சொன்னான்.

தொழிற்சாலையில் அவனுக்கு ஒரு கொரிய சூப்பர்வைசர். மத்தியானமானால் பக்கத்தில் வந்து “பாப் மொகொஸ்ஸொயோ?” என்பாராம். வேலை முடிந்ததா என்று கேட்கிறார் என்று இவனாக முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு நாளும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். சாப்பிடாமல் நின்ற நாட்களிலும் தூக்கியிருக்கிறான். படுக்கையில் பொழுது போகாமல் கைப்பேசியை நோண்டியபோதுதான் தெரிந்திருக்கிறது, அந்த ஆள் கேட்டது சாப்பிட்டாயா என்று. அன்றைக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கட்டிலே ஆடியது.

முதல் பாடமே “பாபுல் மொகொயோ”. சோறு சாப்பிடுகிறேன்.

“பாரேன், நம்ம மாதிரியே இருக்கு,” என்றான், தேய்ந்த குரலில். “பாப்னா சோறு. பாபுல்னா சோத்தை. சோறு முதல்ல வருது, சாப்பிடறது கடைசியில வருது.”

“உங்களுக்குச் சாப்பிடறது வரவே இல்லையே,” என்றாள் அவள், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். “ஒரு பருக்கை இறங்கல, பாஷை மட்டும் இறங்குதாக்கும்.”

அவன் விடவில்லை. ஆகாரத்தை எடுத்துக்கொண்டு வரும்போதெல்லாம் அவள் சூப்பர்வைசராகி அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அவன் “பாபுல் மொகொயோ” என்று பதில் சொல்லுவான். கேட்டால்தான் குழாயைத் தொட விடுவான். தலையெழுத்தே என்று கேட்டாள். “சூப்பர்வைசரம்மா இன்னும் கொஞ்சம் மரியாதையா கேக்கலாம்,” என்பான். கேட்டுக் கேட்டு, துணியில் ஊசி ஓடும்போது அவள் வாயிலும் அது ஓட ஆரம்பித்தது.

இன்று காலை பாபு இருந்ததால் அவள் எதுவும் கேட்கவில்லை. ஆகாரக் கிண்ணத்தோடு சும்மா வந்து நின்றாள். அவன் கண்ணைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கேட்காத கேள்விக்குப் பதிலாக, “பாபுல்...” என்றான். மீதி வரவில்லை.

“என்னடா, என்னடா தம்பி,” என்று கைப்பேசியைப் போட்டுவிட்டு பாபு பாய்ந்து வந்தார்.

வெயில் தாழும் நேரத்தில் அந்த சூப்பர்வைசரே வந்து சேர்ந்தார். தலை முழுக்க நரைத்த, ஒடிசலான மனிதர்; இத்தனை வருஷத்தில் தமிழ் கேட்டால் புரியும். துணி போர்த்திய உடலின் முன் இடுப்பு மடங்கக் குனிந்து நின்றார். நிமிர்வதற்குள் பாபு பிடித்துக்கொண்டார்.

“கடைசியா என் பேரைத்தான் சொன்னான் சார். பாபுல், பாபுல்னு. அந்த ‘ல்’ மட்டும் ஏன் வந்துதுன்னு தெரியல. நாக்கு இழுத்துக்கிச்சு போல.”

சூப்பர்வைசர் நிமிர்ந்தார். “பாபுல்?” என்றார் மெதுவாக. கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கண் அவளிடம் வந்து நின்றது.

ஒரு வார்த்தை போதும். இவ்வளவு பேர் நடுவில் பாபுவின் நாற்காலி காலியாகிவிடும். அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஈரக் கைக்குட்டையோடு வாயைத் திறந்துகொண்டு நிற்கும் அந்த முகத்தைப் பார்த்தாள். இந்த ஆளிடம் போய் அந்தச் சோற்று வார்த்தையைக் கொடுப்பதா?

“ஆமா சார்,” என்றாள். “அவங்க அண்ணனைத்தான் கூப்பிட்டாரு.”

பாபு ஓவென்று அழுதார். சூப்பர்வைசர் அவளையே பார்த்தார்.

தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“மத்தியானத்துல நீங்க ஒண்ணு கேப்பீங்களாமே. வேலை முடிஞ்சுதான்னு கேக்கறீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாராம் சார். அத்தனை வருஷமும். அதை உங்ககிட்ட சொல்லணும்னுதான் படிச்சாரு.”

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. கட்டைவிரலைத் தூக்கி, இதற்கா என்பதுபோல் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து, சட்டென்று பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. குலுங்கிக்கொண்டே இருந்தது.

கூடத்தில் யாரோ புதிதாக வந்தார்கள்போல. பாபு முதலிலிருந்து ஆரம்பித்தார். அவள் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

சூப்பர்வைசர் குழாயைத் திறந்து, குடித்த டம்ளரைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். தண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. போதும் என்று அவளும் சொல்லவில்லை.