வௌவாலுக்கு வலை போட்ட பின்னேரம்

சிக்குன்குனியா வந்து கொழும்பு கொட்டாஞ்சேனை முழுக்க முதுகு வளைஞ்சு நடந்த வருசம். துறைமுகத்தில் மூட்டை தூக்கின எனக்கே தேத்தண்ணிக் கோப்பை பாரமாக இருந்தது. அந்த நேரத்திலைதான் காய்ச்சல் ஆராய்ச்சி செய்யிற கௌரி டொக்டர் வந்து கேற்றைத் தட்டினா.

"ஐயா, உங்கட மாமரத்து வௌவாலிலை கொஞ்சம் ரத்தம் எடுக்கவேணும்."

"நுளம்பு கடிச்சதுக்கு வௌவால் என்ன பிழை செய்தது?"

"நுளம்பு வௌவாலையும் கடிக்கும். வைரஸ் அதுக்குள்ள தங்கி இருக்கலாம். பிறகு நுளம்பு மனுசருக்குக் கொண்டு வரலாம்."

"இருக்கோ, இல்லையோ?"

"தெரியாது. அதுதான் பார்க்கப் போறம்."

படிச்ச ஆள் தெரியாது எண்டு சொன்னதை அண்டைக்குத்தான் கேட்டனான். எனக்குச் சந்தேகம் கூடிப்போச்சு. ஆனால் என்ர மனுசி யோசெப்பின் அவவுக்குத் தேத்தண்ணி ஊத்திவிட்டாள். இனி எப்படித் துரத்துறது?

என்ர பயம் வேறை. தங்கச்சியின்ர மகன் கிளெமென்ற் மன்னாரிலிருந்து வந்து, காய்ச்சலோட அறைக்குள்ள கிடந்தான். வெளியூரிலிருந்து ஆர் வந்தாலும் பொலிசில் பதியவேணும். பதியப் போனால், திங்கக்கிழமை வா எண்டாங்கள். அதுக்குள்ள கண்டால் ஜீப்பில் ஏத்துவாங்கள். பிறகு நாங்கள் ஒவ்வொரு ஸ்ரேசனாகத் தேடித் திரியவேணும்.

டொக்டர் மதிலுக்கு மேலாலை தெரிய இரண்டு நீட்டுத் தடி நட்டு வலை கட்டினா. தமிழ் வீட்டிலை, யுத்தகாலத்திலை! அரை மணித்தியாலத்தில் ஜீப் வந்து நிண்டது.

"வயர்லெஸ் அன்ரெனா கட்டியிருக்கு எண்டு ரெலிபோன் வந்தது" எண்டான் சார்ஜன்ட். வலையிலை வௌவால் கீச்சிட்டது. ரெண்டடி பின்னாலை போனான். "சரி, வீட்டைப் பார்க்கவேணும்."

நான் வாசலை மறிச்சு நிண்டன். "உள்ளே வராதீங்க மாத்தையா" எண்டன். "இந்த வௌவால் முழுக்க அந்தக் காய்ச்சல்தான். உள்ளுக்கு நுளம்பு. ஒரு கடி, முழங்கால் முடிஞ்சுது!"

"அப்படியா டொக்டர்?"

"அப்படிச் சொல்ல ஏலாது. இன்னும் நிரூபிக்கேல்லை" எண்டா அந்த உத்தமி. வௌவால் போடுற துணிப்பைக்குள்ள அவவையே போட்டுக் கட்டலாம் போல இருந்தது.

"ஆனால் இருக்கலாம்?" எண்டான் சார்ஜன்ட்.

"இருக்கலாம்."

"இல்லாமலும்?"

"இல்லாமலும் இருக்கலாம்."

சார்ஜன்ட் யோசிச்சு யோசிச்சு ஒரு காலைப் படியிலை வைச்சான். அந்த நேரம் பார்த்து அறைக்குள்ளிருந்து ஒரு கத்தல்: "ஐயோ மாமா, என்ர முழங்கால்!"

"ஆரது?"

"மருமகன்."

"பதிஞ்சதோ?"

இனி என்னத்தை ஒளிக்கிறது? "திங்கக்கிழமை வரச் சொன்னவை."

படியிலிருந்த கால் கீழே இறங்கினது. "திங்கக்கிழமை கொண்டு வராதே! காய்ச்சல் மாறினாப் பிறகு வா. கேட்டால் நான் சொன்னது எண்டு சொல்லு. வந்தாலும் தூர நில்லு!"

ஜீப் போன பிறகு டொக்டர் ஊசியோட அறைக்குள்ள போனா. "தம்பி, உங்கட ரத்தமும் கொஞ்சம் வேணும்."

"என்ர பேர் எழுதுவீங்களோ?" எண்டு கேட்டான் கிளெமென்ற்.

"இல்லை, நம்பர் மட்டும்."

"அப்ப எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்கோ."