மூடின இடத்தில் திறக்கும்

சஜின் இன்னும் கணினியில் படத்தைத் தேடிக்கொண்டிருந்தான். விமானத்தில் மடக்கி வைத்திருந்த முழங்கால்கள் நிமிர மறுத்தன. சுவருக்கு அப்பால், ஐஸ் பெட்டிக்குள் அண்ணன் ஜெரிஷ் கிடந்தார். பெண்கள் ஓய்ந்த குரலில் பாடினார்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் பெட்டியின் மோட்டார் கேட்டது.

வீட்டின் முன்னறைதான் ஜெரிஷின் கடை. கல்யாணக் கார்டு, பிளெக்ஸ், குலசேகரம் பக்கத்தில் யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலி. ஆயுள் முழுக்க வெறும் உடம்போடு ரப்பர் பால் வெட்டியவராக இருந்தாலும், தலையை மட்டும் எடுத்துக் கோட்டும் டையும் போட்ட ஓர் உடம்பில் ஒட்டிவிடுவது வழக்கம். கடையின் கூட்டாளி பிபின், காலையில் கைப்பழக்கத்தில் ஜெரிஷுக்கும் கோட்டுப் போட்டுவிட்டான். அதைப் பார்த்த ஜெரிஷின் மனைவி ஷைஜா மைனி எழுந்து வந்து வாசலில் நின்றாள்.

"கல்யாணத்துக்கு போட்ட கோட்டையே கழுத்து நமைக்குன்னு மண்டபத்துல வச்சு கழத்துன மனுஷன். இது வேற ஆரோ. அவரு அவரா இருக்க படம் ஒண்ணு எடு, சஜின்."

நாலு மணிக்கு அடக்கம். அதற்குள் மார்த்தாண்டம் போய் அச்சடித்து வர வேண்டும். கோப்புகளைப் பார்க்கக் கணினியோடு வரும் சாதாரண ஜன்னலைத் திறந்து சஜின் துழாவினான். முகங்கள், முகங்கள். எல்லாம் மற்றவர்களுடையவை.

"அதுல கிட்டாது மக்கா," என்றான் பிபின். "அவரு அதை தொடவே மாட்டாரு. அந்த ரெண்டு ஜன்னல் உள்ளத தொற."

சஜினுக்கு அது தெரியும். அப்பாவின் ரப்பர் தோட்டத்தைப் பிரித்தபோது எல்லைக்கல்லில் முறிந்த பேச்சு, பிறகு ஒட்டிக்கொண்டது இந்த ஒரு விஷயத்தில்தான். வெள்ளிக்கிழமைகளில் குவைத்திலிருந்து அழைப்பான். எந்த பைல் மேனேஜர் நல்லது என்று பேச்சு நீளும். ஒன்றில் டேப் உண்டு, இரண்டு பக்கம் கிடையாது. ஒன்று பார்க்க அழகு, பெரிய படங்களைக் காப்பி செய்யும்போது திணறும். ஒன்று ஒரு மாதம் சும்மா ஓடிவிட்டுக் காசு கேட்கும். எதற்கு இதெல்லாம், கூட வருவது போதாதா என்று சஜின் கேலி செய்வான்.

"எங்கேருந்து எடுக்கோம், எங்க கொண்டு வைக்கோம், ரெண்டும் கண்ணுக்கு முன்ன நிக்கணும்லே. பின்ன, இது மூடின எடத்துல தான் தொறக்கும். நீ ஒருக்கா போட்டுப் பாரு," என்பார் ஜெரிஷ்.

சஜின் போட்டுப் பார்க்கவில்லை. மைனிக்குச் சுகமா என்று அவனும், அங்கே சாப்பாடு எப்படி என்று அவரும் கேட்டதில்லை.

திறந்திருந்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் சுருக்கினான். திரையின் ஓரத்தில் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக நின்றன. அவன் எப்போதாவது பெயர் சொன்ன மென்பொருள்கள் அத்தனையும். போகிற போக்கில், பேச்சை முடிப்பதற்காகச் சொன்னவைகூட. கடைசியில் நின்றது ஜெரிஷினுடையது. அதைத் திறந்தான்.

இடப்பக்கம், 'ரசலையன் ஓராம் ஆண்டு நினைவு' என்ற போல்டர். வலப்பக்கம், 'கோட்டு'. முந்தாநாள் சாயங்காலம், அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டே மூடிவிட்டு எழுந்த இடம்.

சஜின் இடப்பக்கத்தில் மேலே, மேலே ஏறி, 'ஷைஜா' என்ற போல்டரைக் கண்டான். அவள் எடுத்த படங்கள். திற்பரப்பு அருவிக்கரை. ஈரத்தலை, பனியன், வெயிலுக்குச் சுருக்கிய கண்கள்.

"இது தான்," என்றாள் மைனி.

"பனியனோடயா?" என்றான் பிபின். "சபையில உள்ளவங்க என்ன சொல்லுவினும்?"

"சொல்லட்டு. அவருக்கு வெயர்க்காம இருந்தா போதும்."

அவள் பெட்டிக்கருகே திரும்பிப் போனாள்.

பிபின் பென்டிரைவைச் சொருகினான். சஜின் அதை வலப்பக்கத்தில் திறந்துவிட்டு, பழக்கத்தில் மவுஸால் படத்தை இழுக்கப் போனான். எஃப் ஐந்தை அமுக்கினால் போதும், இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போய்விடும் என்றான் பிபின். அமுக்கினான். பச்சைக் கோடு ஒன்று ஓடி முடிந்தது. பிபின் பைக்கில் கிளம்பினான்.

கூடத்திலிருந்து யாரோ சஜினைக் கூப்பிட்டார்கள். மூடப் போனவன் நின்றான். வலப்பக்கத்தை மறுபடி 'கோட்டு'க்குக் கொண்டுபோனான். இடப்பக்கத்தில் ரசலையன் போல்டரைத் தேடி எடுத்து, அண்ணன் விட்டுப்போனபடி வைத்தான். மூடினான்.

ஒருமுறை திறந்து பார்த்தான். அப்படியே இருந்தது. மறுபடியும் மூடிவிட்டு எழுந்தான்.