மேற்குச் சுவரில் ஒரு கல்யாணப் பரிசு

1

இந்தக் கதை ஒரு சத்தத்தில் பிறந்தது. செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து வீட்டுக் கல்சுவரில் யாரோ உளி வைத்து அடித்தார்கள். எட்டிப் பார்த்தேன். ஹெஸ்டர்! அறுபத்திரண்டு வயதில், ஏணியின் மூன்றாம் படியில்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'முந்நூறு வருடக் கல்வீடு, வைக்கோல் வேய்ந்த கூரையைத் தொப்பிபோல...'

(வேண்டாம். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன். அது தொப்பி இல்லை, கூரை.)

2

கல்யாணமான கோடையில் ஹெஸ்டரின் கணவர் ஆல்வின் அந்த மேற்குச் சுவரின் கல் இடுக்குகளில் இருந்த சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசினார். மனைவிக்கு அவர் தந்த பரிசு அது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் விடாது. உள்ளேயே தங்கிய ஈரம் கூரை உத்திரத்தின் நுனியை இற்றுப்போக வைத்துவிட்டது. குளிர்காலத்துக்குள் சிமெண்டை எடுக்காவிட்டால் அந்தப் பக்கக் கூரை இறங்கிவிடும்.

பழங்கால வீடுகளில் கதவுக்கு நிறம் மாற்றவே மாதக்கணக்கில் அனுமதிக்குக் காத்திருக்கும் ஊர். சிமெண்டை எடுக்க ஒரே வாரத்தில் அனுமதி வந்தது. ஆல்வினுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

3

"இத்தன வருஷத்துல நீ ஒரு குறை சொன்னதில்லையே, ஹெஸ்டர்?"

"புதுசா கட்டிக்கிட்டவன்கிட்ட யாராவது குறை சொல்வாங்களா?"

"செவுரு நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு. உன்ன மாதிரியே வாயத் தொறக்காம, உள்ளுக்குள்ளயே அழுகிக்கிட்டு."

ஆல்வின் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

(இந்த இடத்தில் அவர் மன்னிப்புக் கேட்பதாக எழுதி, அடித்துவிட்டேன். அவர் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை; தேநீர் போடுகிற ஆள்.)

4

கதைக்கு முடிவு ஒன்று: கொத்தனாரை வைத்து முடிக்கிறார்கள். ஹெஸ்டரிடமே கேட்டுப் பார்த்தேன்.

"வேற ஆளு வந்து அவன் வேலைய உடைக்கிறதா? நான் உடைப்பேன், இல்லன்னா அவன் உடைப்பான். உனக்கு எழுத வேற வீடே கெடைக்கலையா?"

முடிவு இரண்டு: அவள் பாதியில் விட்டுவிடு...

(ஹெஸ்டரா? நான்கு நாளில் ஒரு முழம்தான் ஆகியிருக்கிறது. ஒரு நாள்கூட நிற்கவில்லை.)

5

இன்று சனிக்கிழமை. ஆல்வின் தேநீரோடு வெளியே வந்தார்.

"பாலு ஜாஸ்தி."

"முப்பத்தஞ்சு வருஷமா இதே பாலுதான்."

"முப்பத்தஞ்சு வருஷமாவும் ஜாஸ்திதான்."

அவர் உள்ளே திரும்பவில்லை. ஏணியடி வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதில் இன்னொரு உளியும் சுத்தியலும் கிடக்கின்றன. செவ்வாய்க்கிழமையே அவள் போட்டுவைத்தவை.

இத்தனை குடும்பக் கதை எழுதிய எனக்கு அவற்றை அவர் கையில் கொடுக்க ஒரு வரி போதும். 'ஆல்வின் குனிந்து...'

மாட்டேன். அது அவர் பூசிய சுவர்.

ஜன்னலைத் திறந்துவைத்திருக்கிறேன். இப்போதைக்கு ஒரு சுத்தியல் சத்தம்தான் கேட்கிறது. நீங்களும் கொஞ்சம் காது கொடுங்கள்.