நிமியின் தலைமாட்டுக் கல்

போடிமெட்டு ரோட்டை அகலப்படுத்தியபோது வெடிவைத்துச் சரித்த பாறைகளில் ஒன்றைத்தான் பவுல்ராஜ் மகளின் கல்லறைக்குக் கொண்டுவந்து நட்டார். வெளிறிய கல், அதில் பித்தளை நிறத்தில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் இறைந்து கிடக்கும். மஞ்சள் காமாலையில் ஒன்பது வயதில் போன பிள்ளைக்கு, ஏலத்தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர் வேறென்ன செய்துவிட முடியும்? நிமி என்ற பேரைத் தன் கையாலேயே கொத்தினார்.

சில வருடம் கழித்து, கோட்டயத்துக் கல்லூரி ஒன்றில் பாறைகளை ஆராய்கிற ஆன்மேரி, அவர் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குத் தேடி வந்தாள். ரோட்டோர ஓடையில் நட்சத்திரம் பதிந்த சில்லு ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. தாய்ப்பாறையோ மண்சரிவுக்குப் பின் கட்டிய கான்கிரீட் சுவருக்குள் போய்விட்டது. கண்ணில் பட்ட மிச்சம் கல்லறைத் தோட்டத்துக் கல் ஒன்றுதான். அந்தத் தாதுவுக்கு அஸ்ட்ரோபில்லைட் என்று பேராம். உலகத்திலேயே கொஞ்ச இடங்களில்தான் அகப்படுமாம். எழுத்தில்லாத பின்பக்கத்தில் உள்ளங்கையளவு போதும் என்று கெஞ்சினாள்.

பவுல்ராஜ் வாய் திறக்குமுன் மனைவி புஷ்பமேரி வாசலுக்கு வந்தாள்.

"எம்புள்ள தலமாட்டுல இருக்கிறத யாரும் தொடக் கூடாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவருக்குத்தான் மனசு அரித்துக்கொண்டே இருந்தது. தங்களுக்குப் பிறகு நிமி பேரைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நாலு பிள்ளைகள் அந்தக் கல்லை வைத்துப் படிப்பார்கள் என்பது பெரிய ஆறுதலாகப் பட்டது. மனைவி ஏலக்காய் தரம் பிரிக்கும் ஸ்டோருக்கு வேலைக்குப் போன ஒரு நாள் ஆன்மேரியை வரச்சொன்னார்.

கல்லறைத் தோட்டத்தில் மஞ்சுமூட்டம் இறங்கியிருந்தது. வேறு கை பட வேண்டாமென்று சுத்தியலையும் உளியையும் அவரே வாங்கிக்கொண்டார். பின்பக்க ஓரத்தில் உளியை வைத்து ஒரே போடு. விரிசல் நட்சத்திரங்களின் வழியே மேலேறி முன்பக்கம் வந்தது. 'நி'க்கும் 'மி'க்கும் நடுவே கல் இரண்டாகப் பிளந்து விழுந்தது.

ஆன்மேரி முகம் வெளுத்து, எதுவும் வேண்டாம் அண்ணா என்றாள்.

"எடுத்துட்டுப் போங்க டீச்சர்," என்றார் அவர். "ஒண்ணுத்துக்கும் ஆகாம ஒடஞ்சதா இருக்க வேணாம்."

அவள் சிதறிய ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் சேதி கேட்டுப் புஷ்பமேரி கல்லறைக்கு வந்து பார்த்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் காத்துக்கொண்டு நின்றார். அவள் தரையில் உட்கார்ந்து இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தாள்.

"நான் வேணாம்னு சொன்னது ஒங்க காதுல விழுந்துச்சுல்ல?" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

சிமெண்ட் வைத்துப் பூசினார். பூச்சில் பாதி எழுத்து மூடிப்போனது. அடுத்த மாதம் ஆன்மேரி போன் செய்தாள். அது அதே தாதுதானாம், கல்லூரியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். நிமி பேரை எழுதியிருக்கிறார்களா என்று கேட்டார். எடுத்த இடத்தின் பேரை மட்டும் எழுதுவதுதான் வழக்கம் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சரி என்று வைத்துவிட்டார். வீட்டில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து புஷ்பமேரி இப்போது தனியாகத்தான் கல்லறைக்குப் போகிறாள். அவள் திரும்பி வந்து தன்னைக் கடந்து போகிறவரைக்கும் பவுல்ராஜ் கோயில் சுவரோரம் நிற்கிறார். அப்புறம் அவர் போகிறார்.