மேயர் சிறைக்குப் போனால் இனிக்கும் கிணறுகள்

மேயர் எவரிஸ்தோ புமரேஹோ குற்றவாளி என்று முதல் தீர்ப்பு வந்த மதியம், போக்கா சலாதாவின் கிணறுகள் எல்லாம் நல்ல தண்ணீராயின. கரீபியக் கடலோரத்து அந்த ஊரில் அதுவரை உப்புத் தண்ணீர்தான். காப்பியில் எவ்வளவு சர்க்கரையைக் கொட்டினாலும் கடலைக் குடித்த மாதிரியே இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு வந்த சிமெண்டில் தனக்கு மாடிவீடு கட்டிக்கொண்டதற்காக அவரை உள்ளே தள்ளினார்கள். அதே நேரம் கிணற்றில் வாளியை விட்டு ஒரு வாய் குடித்த மீன்காரி நிக்கோலாசா, யாரோ தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று துப்பிவிட்டு, சந்தேகம் தீர மறுபடியும் குடித்தாள். தண்டனை முடிந்து அவர் பேருந்திலிருந்து இறங்கிய சாயங்காலமே தண்ணீர் பழையபடி கரித்தது. ஊர் கூடி யோசித்தது. யோசிக்க அப்படியொன்றும் இல்லை. அடுத்த தேர்தலில் அவரையே ஜெயிக்க வைத்தார்கள். அவரும் ஊரைக் கைவிடவில்லை. ஆம்புலன்ஸ் வாங்க வந்த பணத்தில் சண்டைச் சேவல்கள் வாங்கி, மறுபடி உள்ளே போனார். ஊர் சப்புக்கொட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தது.

இரண்டாம் முறை அவர் திரும்பி வந்தபோது கூடவே ஒரு இருமலும் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியேறிய மனுஷனைப் பார்த்த மனைவி தொமிதிலா, கையோடு அவரை மாதா கோவிலுக்கு இழுத்துப் போய், இனிப் பொதுச்சொத்தில் கைவைப்பதில்லை என்று சத்தியம் வாங்கினாள். இன்னொரு முறை உள்ளே போனால் உயிரோடு வரமாட்டார் என்பது அவள் பயம். ஊர் மூன்றாம் முறையும் அவரைத்தான் மேயராக்கியது. அவரோ நேர்மையாக இருந்து தொலைத்தார். கடல்சுவர் கட்டினார், அது இடியவே இல்லை. மருந்தகத்துக்கு மருந்து வந்தது. ஒருவரும் அவரைத் திட்டவில்லை, அதுதான் கொடுமை. காலையில் காலிக்குடத்தோடு அவர் வாசலில் வந்து நிற்பார்கள், “உடம்பு எப்படி இருக்கு மேயரே?” என்று கேட்பார்கள், அவ்வளவுதான், போய்விடுவார்கள். அந்த மரியாதையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் வாயைத் திறந்தவள் நிக்கோலாசா.

“உன் புருஷன் ரொம்பக் கெட்டுப் போயிட்டான் தொமிதிலா. ஒரு ஆணியைக்கூடத் தொட மாட்டேங்கிறான்.”

“ரெண்டு தடவை குடுத்தாச்சு. இன்னும் என்னடி வேணும் உங்களுக்கு? பொணமாத்தான் வேணுமா?”

“எனக்கு ஒண்ணும் வேணாம் தாயி. என் மகளோட கைக்குழந்தை உடம்பெல்லாம் கொப்புளம். இந்தத் தண்ணியில குளிப்பாட்டினா வீறிட்டு அழுவுது. ஒரு எட்டு வந்து பாத்துட்டு அப்புறம் என்னைத் திட்டு.”

தொமிதிலா போய்ப் பார்த்தாள். திரும்பி வந்ததும் கணவரின் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

“எவரிஸ்தோ, மாதாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ போய் எதையாவது திருடு.”

அவர் முதலில் சோம்பேறி வழியைப் பார்த்தார். நேரே நீதிபதியிடம் போய்க் கடல்சுவரில் கொள்ளையடித்ததாக ஒப்புக்கொண்டார். நீதிபதி ஜன்னல் வழியே சுவரைப் பார்த்துவிட்டு, “சுவர் கல்லு மாதிரி நிக்குதே, போய் வேலையைப் பாருய்யா” என்று விரட்டிவிட்டார். ஆகவே நிஜமாகவே திருட வேண்டியதாயிற்று. சந்தையின் தகரக் கூரையைத் தேர்ந்தெடுத்தார். பட்டப்பகலில் மீன்காரிகள் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள், போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி அதில் ஆணிகளை வாங்கிப் போட்டார், பாதிரியார் கழுதையை இரவல் தந்தார். வழக்கில் சாட்சி சொல்ல ஊரே முண்டியடித்தது. நீதிபதி கையெழுத்துப் போட்ட நேரத்தில் நிக்கோலாசா அந்தக் குழந்தையின் தலையில் முதல் செம்பை ஊற்றினாள். அது அழவில்லை, சிரித்தது. அவர் போன வண்டிக்குப் பின்னால் எல்லைவரை ஊரே கையசைத்துக்கொண்டு நடந்தது, சிலர் வெட்கமில்லாமல் அழுதார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தொமிதிலா பொரித்த மீனும் தேங்காய்ச் சோறும் எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனாள். வெயிலில் வந்த தாகம். அவர் பக்கத்திலிருந்த குவளையை எடுத்து மடமடவென்று குடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

“என்ன இது, உப்பா கரிக்குது?”

“எனக்கு ஊத்துற தண்ணி மட்டும் இங்க அப்படித்தான். மத்தவங்க குவளையில நல்லாத்தான் இருக்கு. முதல் தடவையிலேருந்தே இப்படித்தான்.”

“இத்தனை வருஷமா ஏன்யா ஒரு வார்த்தை சொல்லலை?”

“சொன்னா ஊர்ல யாராவது நிம்மதியா ஒரு வாய் குடிப்பாங்களா?”

அவள் ஊருக்கு வந்து சொல்லிவிட்டாள். அன்றைக்கு எந்த வீட்டிலும் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு முதல் யாராவது ஒருவர் நல்ல தண்ணீரை ஒரு ஜாடி நிறைய அவருக்குக் கொண்டுபோகிறார்கள். யார் கொண்டுபோவது என்று சனிக்கிழமையே கிணற்றடியில் சண்டை நடக்கிறது. சிறை வாசலைத் தாண்டியதும் அந்தத் தண்ணீர் உப்பாகிவிடுகிறது. கொண்டுபோகிறவர்களுக்கு அது தெரியும், காவலர்களுக்கும் தெரியும். எவரிஸ்தோ இரண்டு கையாலும் குவளையை வாங்கி, பாதி குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, “இனிப்பா இருக்கு, எல்லாருக்கும் நன்றி சொல்லுங்க” என்கிறார். மீதியைத் தொமிதிலா வாங்கிக் குடிக்கிறாள்.