அமலதாஸின் இருக்கை

மன்னார்புரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மலர்க்கொடிக்கு மனசு லேசாக இருந்தது. அப்பாவின் எலும்பு கிடைத்த சேதி வந்த அன்றைக்கா மனசு லேசாகும் என்று கேட்டால், ஆமாம், ஆகிவிட்டது. பார்த்தே அறியாத அப்பாவுக்காக எவ்வளவுதான் அழ முடியும்? எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் அவருடைய விமானம் விழுந்தபோது அவள் தாய் வயிற்றில் இருந்தாள்.

அந்தக் குண்டுவீச்சு விமானத்தில் இரண்டே பேர். ஓட்டியவர் அமலதாஸ், வழி பார்த்துச் சொல்லிக் குண்டு போட்டவர் அவளுடைய அப்பா வீரமலை. அடிபட்டால் ஓட்டுகிறவரை இருக்கையோடு வெளியே தூக்கி எறிய விசை உண்டு. மற்றவர் கதவைத் திறந்து தானாகக் குதித்துக்கொள்ள வேண்டியதுதான். எந்தப் புண்ணியவான் செய்த ஏற்பாடோ!

விமானத்தைக் காணோம் என்று தந்தி வந்ததும், அமலதாஸின் மனைவி பிரான்சி துறையூருக்குத் துக்கம் விசாரிக்கப் போனாள். மலர்க்கொடியின் அம்மா வள்ளிக்கண்ணு தெருவில் இறங்கி மண்ணை வாரித் தூற்றினாள். "உன் புருஷன் குதிச்சுத் தப்பிச்சிருப்பான்டி! என் புருஷனை நெருப்புல விட்டுட்டு ஓடியிருப்பான்!" சாகும்வரை அந்த வாய் ஓயவில்லை. அந்த வசவைக் கேட்டே வளர்ந்த மலர்க்கொடிக்கும் பிரான்சி என்ற பேரைக் கேட்டாலே முகம் சுளிக்கும்.

இன்று காலை ஸ்ரீரங்கத்தில் அவள் வீட்டுக்கு வந்த விமானப்படை அதிகாரி, எல்லைக்கு அப்பால் ஒரு சதுப்பில் விமானத்தைக் கண்டெடுத்ததைச் சொன்னார். உள்ளே இரண்டு பேருமே இருந்தார்கள்.

"கதவு நெளிஞ்சு மாட்டிக்கிச்சு. உங்கப்பாவால வெளியே வர முடியலை. பைலட் தன்னோட விசையை இழுக்கவே இல்லைங்க. கடைசிவரைக்கும் தரையிறக்கத்தான் பார்த்திருக்கார்."

"அவர் சம்சாரத்துகிட்ட நானே சொல்றேங்க" என்று மலர்க்கொடி கிளம்பிவிட்டாள். அம்மா சுமத்திய பழியைத் துடைத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு.

மன்னார்புரம் வீட்டில், யாரென்று சொன்னதும் பிரான்சி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கிழவியின் முகத்தில் கோபமே இல்லை.

"ஆண்ட்டி, எங்கம்மா பேசினதுக்கு மன்னிச்சிடுங்க. அங்கிள் குதிக்கலைங்க. எங்கப்பாவை விட்டுட்டுப் போக மனசில்லாம கூடவே இருந்திருக்காங்க. ரெண்டு பேரும் விமானத்துலயே கிடைச்சிருக்காங்க" என்று மலர்க்கொடி ஒரே மூச்சில் கொட்டினாள்.

பிடித்திருந்த கை நழுவியது.

"விசையை இழுக்கவே இல்லையா?"

"இல்லைங்க ஆண்ட்டி." பெருமையாகத்தான் சொன்னாள்.

"உங்கம்மா மேல எனக்குக் கோபமே வந்ததில்ல பாப்பா. அவர் குதிச்சிருப்பார்னு அடிச்சுச் சொன்னது அவங்க ஒருத்தங்கதான். குதிச்சிருந்தா எங்கயாவது ஜெயில்ல இருப்பார், ஒருநாள் விடுவாங்கன்னு அதையே பிடிச்சுக்கிட்டு இருந்தேன். கல்லறைத் திருநாளுக்கு எங்கப்பா, எங்கம்மா எல்லாருக்கும் மெழுகுவத்தி ஏத்துவேன். அவருக்கு மட்டும் ஏத்தினதே இல்ல."

மலர்க்கொடியின் அம்மா திட்டித் திட்டியே இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருந்த மனிதரை, நல்ல பேர் வாங்கிக் கொடுக்க வந்த இவள் ஒரு நிமிஷத்தில் கொன்றுவிட்டாள்.

"குதிச்சிருக்கலாமே," என்று பிரான்சி விம்மினாள். "உங்கப்பாவை விட்டுட்டுக் குதிச்சிருக்கலாமே, பாவி மனுஷன்!"

"ஆமாங்க ஆண்ட்டி" என்றாள் வீரமலையின் மகள்.