கோ அண்ட் கம்

செத்துப்போன பிறகு என் மனைவி ரேணுகாம்பாள் பாதி ஜெர்மனியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து எங்கள் மாடியில் குடிவைத்தாள். நம்பவேண்டாம். அவள் தம்பி சக்கரவர்த்தியே முதலில் நம்பவில்லை.

ரமணாசிரமத்துக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. நான் ரிட்டயர் ஆனதும் மாடியில் மூன்று ரூம் கட்டி, வெளியூர்க்காரர்களுக்கு விடலாம் என்றது அவள்தான். இரண்டாயிரத்து நாலில் வெப்சைட்டும் போட்டோம். முதல் பக்கத்தில் மலை. ஒரு ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை.

பிரவுசிங் சென்டரில் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள் ரேணுகா.

“எல்லா லாட்ஜ்காரனும் மலையத்தான் போட்டிருக்கான். மலை என்னா உங்க தாத்தா கட்னதா? நம்ம வூட்ல கேட்டு வரைக்கும் வந்து ‘போய்ட்டு வாங்க’ன்னு சொல்லி அனுப்புறோமே, அதப் போடுங்க.”

சர்வீஸ் பூராவும் கலெக்டர் ஆபீசில் டிராஃப்ட் எழுதியவன் நான். என் ஆங்கிலத்தைக் கண்டு மூன்று கலெக்டர்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். கொட்டை எழுத்தில் போடச் சொன்னேன்: கோ அண்ட் கம்.

சென்டர் நடத்தும் அறிவுமதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “சார், இங்கிலீஷ்ல இப்டி சொல்லமாட்டாங்க. கஸ்டமர தொரத்துற மாதிரி இருக்கு.”

“ஜெர்மன்காரனுக்குப் புரியும்மா, நீ போடு.”

அதற்கேற்ற படம் அடுத்த வாரமே கிடைத்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்க்கப் புறப்பட்ட காலை. கார் நிற்கிறது. ரேணுகா ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கித் தெருவுக்கே “போய்ட்டு வரேன்” என்றாள். “நல்லா எடுங்க. வந்து பாக்குறேன்.”

படம் வெப்சைட்டில் ஏறியது. பார்க்க அவள் வரவில்லை.

காரியம் முடிந்ததும் சக்கரவர்த்தி சொன்னான்: “எறந்தவங்க போட்டோவ வெச்சி கூப்ட்டா எவன் மாமா வருவான்? ரூம மூடிட்டு, வேங்கிக்கால்ல எங்க வூட்டுக்கே வந்துடுங்க.”

“கார்த்திகை தீபம் வரைக்கும் டைம் குடுடா. உங்க அக்கா வரேன்னுட்டுப் போயிருக்கா.”

“தீபம் வரைக்கும்தான் மாமா” என்று வேனுக்குச் சொல்லிவைத்தான்.

சுவீடனே மொத்தமாக புக் செய்துவிட்டது என்று அவனிடம் அளந்துகொண்டிருந்தேன். மூன்று ரூமும் பூட்டியே கிடந்தன. அவள் மடித்துவைத்த போர்வைகளில் ஒரு மடிப்புகூடக் கலையவில்லை.

தீபத்துக்கு முதல்நாள் சக்கரவர்த்தி வேனோடு வந்துவிட்டான். பீரோவை நாங்கள் தூக்கும்போது கேட்டில் ஒரு பெண். நெடுநெடுவென்று வாசலை அடைத்து நின்றாள். பாதி ஜெர்மனி என்றேனே, அவள்தான். ஒரு கையில் பெட்டி, மறு கையில் எங்கள் வெப்சைட்டின் பிரிண்ட்.

“எல்லாரும் ‘வருக’ என்றுதான் எழுதியிருந்தார்கள். போகும்போதே திரும்பி வரச் சொன்னது நீங்கள் மட்டும்தான்” என்றாள் ஆங்கிலத்தில். பிறகு படத்தைத் தொட்டுக் கேட்டாள்: “இந்த அம்மா எங்கே?”

கலெக்டர்களை ஓட்டிய என் ஆங்கிலம் இப்போது என்னையே விட்டு ஓடிவிட்டது. சக்கரவர்த்திதான் “கோ...” என்று ஆரம்பித்தான். மிச்சம் அவனுக்கு வரவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. படத்தில் ரேணுகா பிடித்திருந்த அதே இடத்தில் கேட்டின்மேல் கைவைத்து நின்றாள்.

சக்கரவர்த்தி உள்ளே போய் மாடிச் சாவியை எடுத்துவந்து என் கையில் வைத்தான். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“இட்டாந்துடுச்சி மாமா. அக்காதான் இட்டாந்துச்சி.”